அட்டையில் கட்டிக்கொண்டவர்கள்

அட்டைப் படத்தைப் பார்த்ததும் தொடர்கதைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய இளவரசி, எதிரிப் படைத்தலைவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பளபளவென்று, வழவழ காகிதத்தில். போன வாரம்தான் அந்தப் புண்ணியவான் அவள் அப்பாவைப் பாதாளச் சிறையில் தள்ளியிருந்தான். அவள் அவன் முகத்தில் காறித் துப்பியிருந்தாள். எச்சில் காய்வதற்குள் இதென்ன கொஞ்சல்?

பத்திரிகையில் வண்ண அட்டை முதலில் அச்சாகிவிடும், உள்பக்கங்கள் பிறகுதான். அட்டை மொத்தமும் வந்து இறங்கியாயிற்று. கிழித்துப் போடச் சொன்னால் முதலாளி அவளைக் கிழித்துவிடுவார்.

தப்பு யாருடையது என்று ஆராயப்போனால் அவள் பக்கமே வந்து நின்றது. தொடர் ஆரம்பிக்கும்போது எந்த வார அட்டைக்கு என்ன காட்சி என்று ஓவியருக்குச் சொல்லி வைத்திருந்தாள். சண்டை சூடு பிடிக்கவே, சமாதானத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். அதை ஓவியரிடம் சொல்லவில்லை. சொல்வதற்குப் பேச்சுவார்த்தை இருந்தால்தானே?

எல்லாம் குதிரையால் வந்த வினை. “உங்க ஆளு குதிரையை விட்டுக் கீழயே இறங்க மாட்டானா?” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார் ஓவியர். அவருக்குக் குதிரை வரைவது எட்டிக்காய். மறுவாரமே அவள் ஒரு குதிரைப் படையை இறக்கினாள். அவர் பதிலுக்குப் படைத்தலைவனுக்குப் பத்திரிகை ஆசிரியரின் மூக்கை வைத்தார்.

அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் இப்போது முடிவு சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் அத்தியாயம் வேண்டும், அட்டையில் உள்ளது உள்ளேயும் இருக்க வேண்டும். “சேர்ந்துட்டா அப்புறம் என்னம்மா இருக்கு? இதோட முடிச்சுக்கலாம். துப்பறியும் கதை ஒண்ணு தயாரா இருக்கு.”

அவள் கதையின் நல்ல பாதி இனிமேல்தான் இருந்தது. அதைப் பாதி வழியில் இறக்கிவிடப் பார்க்கிறார் மனுஷன்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். நாலு வரி எழுதினாள், அடித்தாள். எதிரே பிழை திருத்தும் அக்கா, வெட்டிக்கொள்கிறவர்களைக் கட்டிக்கொள்ள வைக்க என்ன அவசரம் என்று அங்கலாய்த்தாள். வாராவாரம் இவர்கள் சண்டைக்காகவே காத்திருக்கிறாளாம்.

“அப்படி என்னக்கா இருக்கு அந்தச் சண்டையில?”

“எங்க வீட்டுல நாலு தடவை கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்க ஆள் இல்ல. அந்தப் படுபாவியைப் பாரு, அவ என்னைக்கோ சொன்ன சொல்லைக்கூட மறக்காம வச்சிருந்து திருப்பிக் கொடுக்கிறான்.”

அந்த நேரம் பார்த்து ஓவியர் உள்ளே வந்தார். தொடர்கதைக்காரி அட்டையை அவர் முன்னால் வீசினாள். இத்தனை வாரம் எழுதியதை ஒரு வரியாவது படித்திருந்தால் இப்படி வரைய மனசு வந்திருக்குமா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இடது கையைப் பாருங்க மேடம்.”

பார்த்தாள். இளவரசியின் வலது கை படைத்தலைவனின் தோளில் இருந்தது. இடது கை, மேலாடை மடிப்புக்குள், அவன் இடுப்புக் குறுவாளின் பிடியில்.

“கட்டிப்பிடிக்கணும்னு நீங்க சொல்லி வச்சிருந்தீங்க. ஆனா அப்பாவைச் சிறையில போட்டவனை அவ சும்மா கட்டிப்பிடிக்க மாட்டாளே. கோட்டை எரிஞ்ச அன்னைக்கு ‘உன் ஆயுதத்தாலயே உன்னை முடிப்பேன்’னு சபதம் போட்டிருக்கா. உங்களுக்கு மறந்து போச்சா?”

சுத்தமாக மறந்து போயிருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. அக்கா தலை நிமிராமல் சிரித்தது அதைவிட எரிச்சல்.

பேனா ஓட ஆரம்பித்தது. இளவரசி அணைத்தாள், குறுவாளை உருவினாள், மறைத்தாள். படைத்தலைவன் கவனித்துவிட்டான், கவனித்தும் கையைத் தட்டிவிடவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. அங்கே ‘தொடரும்’ போட்டாள்.

ஆசிரியர் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். “இப்போ இவங்க சேர்ந்துட்டாங்களா, இல்லையா?”

“அட்டையில சேர்ந்துட்டாங்க சார்.”

அவர் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு, படைத்தலைவன் அவளை ஏன் சும்மா விட்டான் என்று கேட்டார். அடுத்த வாரம்தான் தெரியும் என்றாள். துப்பறியும் கதை மேஜை இழுப்பறைக்குள் போனது.

மேஜைக்குத் திரும்பி அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினாள். ‘படைத்தலைவன் வெண்புரவியில் ஏறி’ என்று எழுதியவள் நிறுத்தினாள். புரவியை அடித்தாள். ‘படைத்தலைவன் நடந்தே வந்தான்’ என்று மாற்றினாள்.

ஜன்னலோரம் ஓவியர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மனுஷன் ரொம்பத்தான் குளிர்ந்துபோய்விடக் கூடாதே. உட்கார்ந்து மழைக்கோடு இழுக்கட்டும் என்று ‘கொட்டும் மழையில்’ சேர்த்துவிட்டாள்.