கொள்ளிக்கு வராத அண்ணன்

குடியிருப்பவர்களுக்கே மனை என்று கழக ஆட்சி சட்டம் போட்டிருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்து மிராசுதார் ஒருவர் அதை ஏற்கவில்லை. அவருடைய ஆட்கள் குடிசைகளைப் பிரிக்க வந்தபோது குறுக்கே நின்ற கூலி விவசாயி வீரையனின் தலையில் தடி இறங்கியது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தது மகள் சுந்தரிதான். தாய் எப்போதோ போய்விட்டாள். அண்ணன் இராஜாங்கம் வடக்கே ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. அவர்களுடைய தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். சுந்தரி தந்தி கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தாள். நினைவு திரும்பும்போதெல்லாம் வீரையன், "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது.

அவர் இறந்த அன்று பொழுது சாயும்வரை மகனுக்காகக் காத்திருந்தார்கள். கோடை வெயிலில் அதற்குமேல் உடல் தாங்காது என்றார் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் சிவசாமி. பங்காளி ஒருவர் கொள்ளி வைக்க முன்வந்தார்.

"நானே வைக்கிறேன்" என்று சுந்தரி நெருப்புச் சட்டியை வாங்கிக்கொண்டாள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகாத ஊர். யாரும் தடுக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வராத காலம். மணலில் ஊற்றுத் தோண்டிச் சாம்பலைக் கரைத்தார்கள்.

அந்த வாரமே டீக்கடை ரேடியோ, பாலைவனத்தில் இந்தியா அணுகுண்டு வெடித்துப் பார்த்ததைச் சொன்னது. கடைக்காரர் முருகையன் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். உன் அண்ணனும் அதில் இருந்திருப்பான் என்று அவள் கையிலும் ஒன்றை வைத்தார். அவளால் அதை வாயில் போட முடியவில்லை.

கருமாதி முடிந்த பிறகுதான் இராஜாங்கம் வந்தான். முகம் வெயிலில் கருகி, உதடு வெடித்திருந்தது.

"எங்க இருந்தே, அண்ணே?"

"சொல்லக் கூடாதும்மா. சத்தியம் வாங்கியிருக்காங்க."

"நான் குடுத்த தந்தி?"

"ஆபீஸுக்கு வந்திருக்கு. வேலை முடியிற வரைக்கும் எங்கிட்ட குடுக்கல."

அத்தனை நாளாக அவனுக்கென்று சேர்த்துவைத்திருந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா ஏதாவது சொன்னாரா என்று அவன் கேட்டான். மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வழக்கில் சுந்தரி சாட்சி சொன்னாள். மிராசுதாரின் ஆட்கள் விடுதலையானார்கள். மனை மட்டும் அவள் பேருக்கு வந்தது. இராஜாங்கத்துக்குப் பதவி உயர்ந்ததாக யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு அவன் வருவான். இருவரும் அந்த வருஷத்து விளைச்சலைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள்.