மூன்று பேர் எழுதிய டிக்கெட் மிஷின்

கிரிதரன் மதுரையில் தனியார் பேருந்துகளுக்கு டிக்கெட் மிஷின் செய்பவர். தன் நிழலையே இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். இரண்டாயிரத்து மூன்றில், புது மிஷினுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத வெளியாட்களை அமர்த்த வேண்டி வந்தது. மனிதர் வேலையை மூன்றாக வெட்டினார். பட்டன் பகுதி கோரிப்பாளையத்து பாய்க்கு. அச்சடிக்கும் பகுதி திருநகர் கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு. ஊர்ப்பெயர்களை நினைவில் வைக்கும் பகுதி நாகமலை புதுக்கோட்டைப் பேச்சிமுத்துவுக்கு. ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். முழு ரகசியம் யார் கைக்கும் போய்விடக் கூடாதாம்!

பாவம், மூன்று பேருக்குமே அந்த வேலை தெரியாது. வந்த ஆர்டரை விடவும் மனமில்லை. பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் மாணவர்களுக்கு புராஜெக்ட் எழுதிக் கொடுக்கும் முனீஸ்வரியிடம் தனித்தனியாக வந்து, "யார்ட்டயும் மூச்சு விட்றாதம்மா" என்று தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அவளும் சிரிக்காமல் மூன்று முறை சத்தியம் செய்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கம்பெனியில் வேலை கேட்டுப் போனவள் அவள். "கண்டக்டர்களோட மல்லுக்கு நிக்கிற வேலைம்மா, உனக்குத் தாங்காது" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார் கிரிதரன். அந்த ஆசையும் கோபமும் இன்னும் ஆறவில்லை. இப்போது மிஷினின் மூளை மொத்தமும் அவள் எழுதியது. அவள் பெயர் மட்டும் எங்கும் இல்லை. சொன்னால் மூன்று பேர் பிழைப்பு கெடும். சொல்லாவிட்டால் அந்த வேலை கனவுதான்.

பகுதிகளைச் சேர்த்துப் பார்க்கும் நாளன்று, உதவிக்கு என்று சொல்லிப் பேச்சிமுத்து அவளையும் கூட்டிப் போனான். முதல் தடவையே திருமங்கலத்துக்கு ஒரு டிக்கெட் சரக்கென்று வந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கிரிதரன் முகம் மட்டும் சுருங்கியது. ஒருவரை ஒருவர் பார்க்காத மூன்று பேர் எழுதியது முதல் தடவையே எப்படிப் பொருந்தும்?

வேண்டுமென்றே தப்பான பட்டனை அமுக்கினார். குட்டித் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது: 'சரியா அமுக்குங்கண்ணே.' பேப்பரை உருவினார். 'பேப்பர் இல்லண்ணே.' இல்லாத ஊரின் எண்ணை அடித்தார். 'அது நம்ம ரூட்டு இல்லண்ணே.'

வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் எதையோ முணுமுணுத்தார். "பாய், நீங்க எல்லாரையும் தம்பிம்பீங்க. வாத்தியாரே, உங்களுக்கு எல்லாரும் டேய்தான். பேச்சிமுத்து, நீ சாமியவே மாப்ளம்ப. மூணு பேரும் எப்படிய்யா அண்ணேன்னு எழுதுனீங்க? கூடிப் பேசியிருக்கீங்க! ஒப்பந்தம் ரத்து, எந்திரிங்க."

மூவரும் பையைக் கையில் எடுத்தார்கள். முனீஸ்வரி எழுந்துவிட்டாள்.

"அவுக பேசிக்கிறலை சார். அம்புட்டும் நான் எழுதுனது."

"நீயா? அண்ணேன்னு எதுக்கு எழுதுன?"

"மிஷின் மக்கர் பண்ணா கண்டக்டருக்குக் கோவம் வரும்ல சார். மரியாதையாச் சொன்னா அடங்கிருவாக. மல்லுக்கு நிக்க வேண்டியதில்லை."

கிரிதரன் அவளை உற்றுப் பார்த்தார். அந்தக் காபி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அப்ப என் ரகசியம்?"

"பத்திரமா இருக்கு சார். இவுக மூணு பேருக்கும் அதுல ஒரு எழுத்துத் தெரியாது."

மூவரும் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். தெரியாது என்பதை அவர்கள் இத்தனை பெருமையாக ஒப்புக்கொண்டதே இல்லை.

கிரிதரன் எழுந்து போய், அவள் ஓடிவிடப் போகிறாள் என்பதுபோல் கதவைச் சாத்தினார். "இனிமே நீ வெளியாள் இல்லம்மா. நாளையிலருந்து வேலைக்கு வந்துரு."

முனீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூவரையும் காட்டினாள். "வாரேன் சார். இவுக?"

"இருக்கட்டும்" என்றார் கிரிதரன். "இம்புட்டு நம்பிக்கையான ஆளுகளுக்கு நான் எங்க போவேன்?"