உவோசுக் கரையில் விட்ட ரயில்

பயணத் திட்டம் போடுவதில் ஷிகெஹாருவை அடித்துக்கொள்ள ஃபுகுயி நகரத்திலேயே ஆள் கிடையாது. ரயில் அட்டவணைப் புத்தகத்தை விரித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், வீட்டைவிட்டு அசையாமலே ஹொக்கைதோ வரை போய்த் திரும்பிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படி அவர் போய்வந்த ஊர்கள் ஏராளம். நிஜமாகப் போனது ஒன்றுகூட இல்லை. கடைசி நேரத்தில் திட்டத்தில் ஏதாவது ஓட்டையைக் கண்டுபிடித்துத் தாளைக் கசக்கிவிடுவார்.

இந்த முறை மனைவி மிச்சியோ விடுவதாக இல்லை. காரணம் அவள் கண். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து நேர்கோடுகளெல்லாம் அவளுக்கு நெளிந்து தெரிந்தன. கதவுச் சட்டம் இடுப்பொடிந்து நின்றது. குளியலறைச் சுவர் அலையடித்தது. விழித்திரையின் நடுவே கோளாறு, ஊசி போட்டுப் பார்க்கலாம், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

கதவு வளைந்திருக்கிறது என்று அவள் முதன்முதலில் சொன்னபோது, ஷிகெஹாரு எழுந்து போய் அடிஸ்கேலை வைத்துப் பார்த்து, "நேராத்தான் இருக்கு" என்றார். அதன்பிறகு அவள் அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"கனாசவா, தொயாமா, உவோசு. மூணும் அக்கம்பக்கத்து ஊருதானே?" என்றாள் மிச்சியோ.

"கனாசவா சரி, தோட்டம் இருக்கு. தொயாமாவும் சரி, மூங்கில் இலையில மடிச்ச மீன் சோறு வாங்கிக்கலாம். உவோசுல என்ன இருக்கு?"

"கடல்ல கானல் தெரியுமாம். வசந்தத்துல அக்கரை அப்படியே வானத்துக்கு எழும்புமாம்."

"எத்தனை மணிக்கு?"

"அது என்ன ரயிலாங்க, மணி பாத்து வர?"

"வருமா வராதான்னே தெரியாததை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

"எழுதாதீங்க. கட்டத்தைச் சும்மா விடுங்க. இருக்கற கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை பாத்துடறேன்."

அவர் பென்சிலைச் சீவினார். வெகுநேரம் சீவினார். பிறகு இரண்டு ரயில்களுக்கு நடுவே உவோசுவுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினார். அதில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அது நீளக்கூடாது. இரவு தங்குவது கனாசவாவில் ஒரு விடுதியில். அங்கே சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு சூடாக வந்து அறையில் இறங்கும். விருந்தாளி தாமதித்தால் சமையல்காரர் முகத்தில் விழிக்க முடியாது.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெதுவெதுப்பான நாளில், ஆச்சரியமாக, இருவரும் நிஜமாகவே புறப்பட்டார்கள்.

உவோசுக் கரையில் முக்காலிகளில் கேமராவைப் பொருத்தி வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவே தொப்பி போட்ட ஒரு உள்ளூர்க்காரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வருமாம்மா?" என்று மிச்சியோ கேட்டாள்.

"நேத்தும் இப்படித்தான் காத்து நல்லா இருந்துச்சு, வரல. எங்க வீட்டுக்காரர் மாதிரிதான் அது. கூப்பிட்டா வராது. இந்தாங்க, ஒரு சுளை."

தொயாமாவில் வாங்கிய சோற்றுப் பொட்டலம் காலியாயிற்று. கடல் தட்டையாகக் கிடந்தது. அக்கரையில் மெல்லிய கோடாக ஊரும், ஓரத்தில் ஒரு பாலமும் தெரிந்தன. அவ்வளவுதான்.

"நேரமாச்சு" என்றார் ஷிகெஹாரு.

மிச்சியோ விரித்திருந்த துணியை மடித்து எழுந்தாள். கரைச் சுவரின் படியில் ஏறும்போது காலை நீட்டி, படியின் விளிம்பைப் பாதத்தால் தடவித் தேடினாள். நேரான, பளிச்சென்று வெயில் விழுந்த படி. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறாளா?

"இறங்கி வா. உக்காரு."

"ரயிலு?"

"போகட்டும்."

வாழ்நாளில் ரயிலைத் தவறவிடாத மனிதர் போனை எடுத்து விடுதியை அழைத்தார். "ரொம்ப மன்னிக்கணும், கொஞ்சம் தாமதமாகும்" என்று கடலைப் பார்த்து இடுப்பை வளைத்து வளைத்து வணங்கினார்.

"மீனுக்கு வணக்கம் சொல்றாரு பாருங்க" என்றாள் தொப்பிக்காரி. மிச்சியோ சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னங்க... அந்தப் பாலம் நெளியுது. என் கண்ணுதானே?"

நேராத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தபடியே அவர் நிமிர்ந்தார்.

பாலத்தின் கால்கள் நீண்டுகொண்டிருந்தன. மெழுகை இழுப்பதுபோல மேலே, இன்னும் மேலே. அதன் பக்கத்தில் ஊரின் வெள்ளை வீடுகள் ஒவ்வொன்றாக எழுந்து சீப்புப் பற்கள்போல நெருங்கி நின்று, கடலின் ஓரத்தில் ஒரு மதிலாகிவிட்டன. மதில் மூச்சுவிட்டது. ஒரு கப்பல் போயிற்று. அதன் தலைக்குமேல் அதே கப்பல் தலைகீழாகக் கூடவே போயிற்று. கேமராக்காரர்கள்கூட ஒரு கணம் பொத்தானை அழுத்த மறந்தார்கள்.

ஷிகெஹாரு மிச்சியோவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதமாக இவள் இந்த மாதிரி உலகத்திலா தனியாக இருந்தாள்?

"எனக்கும்" என்றார். "எனக்கும் நெளியுது, மிச்சி. எல்லாமே நெளியுது."

அவள் திரும்பவில்லை. அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிஸ்கேல் கொண்டாரலையா?"

காதோரம் போன் இன்னும் கரகரத்தது. விடுதிக்காரம்மா பொறுமையாக மறுபடியும் கேட்டாள். "சார், லைன்ல இருக்கீங்களா? சாப்பாட்டை எத்தனை மணிக்கு வைக்கட்டும்?"

"தெரியலைங்க" என்றார் ஷிகெஹாரு, கண்ணை எடுக்காமல்.