நானூற்றுப் பதினேழாம் லாட்

காட்டுப்பன்றியை எந்தக் குண்டால் சுட வேண்டும் என்று எங்கள் ரைபிள் கிளப்பில் யாருக்காவது சந்தேகம் வந்தால் ஹாலாஸ்யம் சாரைத்தான் கேட்பார்கள். சார் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். காட்டுப்பன்றியை அவர் பார்த்தது செல்போனில் மட்டும்தான். அதனால் என்ன? காதுக்குப் பின்னால் எத்தனை விரற்கடை தள்ளி அடித்தால் அது விழும் என்று மணிக்கணக்கில் பேசுவார். காலேஜில் முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்திய வாய் சும்மா இருக்குமா?

என் பேர் முத்துச்செல்வி. ஊர் கீழக்குயில்குடி. கிளப்பில் எனக்கு அட்டை மாற்றும் வேலை. ஐம்பது மீட்டருக்கு அப்பால், மணல்மேட்டுக்கு முன்னால், வட்டம் வட்டமாகக் கோடு போட்ட அட்டையைச் செருகிவிட்டு வருவேன். பத்துக் குண்டு சுட்டு முடித்ததும் சிவப்புக் கொடி ஏறும். நான் போய் அட்டையை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, புது அட்டையோடு மறுபடி நடப்பேன். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது நடை. சுடுகிறவர்களுக்குக் கூரை உண்டு, மின்விசிறி உண்டு.

சுடத் தெரியாதவனுக்குக் குண்டுமேல் கோபம் வரும் என்பதை அங்கேதான் கற்றேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராமதாஸ் அண்ணன், ஏதோ ஒரு நகைப் பட்டறையிலிருந்து எடை போடும் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பார். ஒரே எடை உள்ளவற்றைத் தனி டப்பாவில் போடுவார். அப்புறம் அத்தனையையும் ஒழுங்காக மணலுக்குள் அனுப்புவார். அட்டைக்கு உருண்டை மூக்குக் குண்டு, பன்றிக்கு மூக்கில் குழி உள்ள குண்டு என்று ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, ஒரே குண்டு இரண்டுக்கும் போதும் என்று இன்னொரு கட்சி. இதில் ஒருத்தரும் பன்றியைச் சுட்டதில்லை. அட்டையையே சுட்டதில்லை என்பது என் கட்சி.

தல்லாகுளத்தில் பல் டாக்டராக இருக்கிற சாருலதா அம்மா மட்டும் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வரும். எந்தப் பெட்டியை நீட்டினாலும் அதில் பத்தை எண்ணி எடுக்கும். பத்தும் நடுவட்டத்தில், ஒரு பொத்தான் அகலத்துக்குள் கிடக்கும். எட்டு மணிக்குக் கிளம்பிவிடும். அதனிடம் போய்க் குண்டைப் பற்றி எந்த மகராசனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். ஹாலாஸ்யம் சாருக்குக் கை நடுக்கம். பத்துக்கு எட்டு அட்டையிலேயே படாது. அட்டை சரியில்லை என்றால் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். இன்னொரு பெட்டி, இன்னொரு அட்டை என்று உச்சிவரை நீளும். நடப்பது நான்தானே? ஒரு நாள் கால் இரண்டும் கொதித்துப்போய், கீழே கிடந்த சுட்ட தோட்டாவின் வெறும் கூட்டை எடுத்து, மணல்மேட்டுப் பக்கம் திரும்பி நின்று, அட்டையின் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். குண்டு போன ஓட்டையைவிட அழகாக ஒரு ஓட்டை விழுந்தது. இன்னும் ஏழு போட்டேன். அன்றைக்குச் சார் ஒன்பது மணிக்கே காரில் ஏறிவிட்டார்.

அதோடு நின்றதா? அன்று அவர் சுட்டது லாட் நம்பர் நானூற்றுப் பதினேழு என்று பெட்டியின் ஓரத்தில் அச்சடித்திருந்த சரக்கு. ஒரே தடவையில் செய்து அடைத்த குண்டெல்லாம் ஒரே லாட். தன் ரைபிளுக்கென்றே பிறந்த குண்டு அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். டீலரிடம் இருந்த நானூற்றுப் பதினேழு அத்தனையும் கிளப்புக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அவர் சுடும்போதெல்லாம் குறைகிற ஓட்டையை நானே போட்டேன். ராமதாஸ் அண்ணன் ஆறு பெட்டி வாங்கிப் பூஜை அறையில் வைத்தார் என்று கேள்வி. சாருடைய அட்டைகளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். என் கட்டைவிரல் வேலை அங்கே வரிசையாகத் தொங்கியது. நானும் தினம் துணியால் துடைத்துவிட்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியது இந்த வருஷம்தான். எனக்கு மலையடிவாரத்தில் எழுபது சென்ட் புஞ்சை. கடலை போட்டிருந்தேன். போன வருஷம் பன்றி தின்றது போக அரை மூட்டைகூடத் தேறவில்லை. சேலையைக் கட்டிப் பார்த்தேன், வெடி போட்டுப் பார்த்தேன், ரேடியோவைப் பாடவிட்டுப் பார்த்தேன். பாட்டைக் கேட்டுக்கொண்டே தின்றது. இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தைச் செங்கல் சூளைக்காரனுக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அவன் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் அப்புறம் அங்கே கடலையும் இல்லை, ஒன்றும் இல்லை. கடலை பிடுங்க இன்னும் ஒரு மாசம் இருக்கும்போது மறுபடி பன்றிக் கால் பதிந்திருந்தது.

வனத்துறைக்கு மனு எழுதிப் போட்டேன். ரேஞ்சர் ஸ்ரீராம்குமார் நல்ல மனுஷன், கிளப்புக்கு நேரிலேயே வந்தார். பன்றியைச் சுட அனுமதி வாங்கிவிட்டார், ஆனால் துறையில் சுடத் தெரிந்த இரண்டு பேரும் மாசக் கடைசிவரை வேறு பக்கம் போயிருக்கிறார்கள். கிளப்பில் லைசென்ஸ் உள்ள ஒருத்தர் வந்தால் தன் பொறுப்பில் ஒரு காலை உட்காரவைக்கலாம் என்றார். நான் டாக்டரம்மா பேரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரேஞ்சர் கண் சுவரில் தொங்கிய சாருடைய அட்டைகள்மேல் போய்விட்டது.

இவ்வளவு சின்னக் குண்டு பன்றிக்குப் பத்தாதே என்று ரேஞ்சர் முதலில் தயங்கத்தான் செய்தார். ஹாலாஸ்யம் சார் சுவரைக் காட்டினார். இப்படி வைத்த இடத்தில் விழுகிற குண்டு என்றால் சின்னதும் போதும் என்று ரேஞ்சரும் தலையாட்டினார்.

அப்புறம் நாலு நாள் குண்டு தேர்வு நடந்தது. பன்றி உடம்புக்குப் பதிலாகப் பழைய நியூஸ்பேப்பரைக் கட்டுக் கட்டாகத் தொட்டியில் ஊறவைத்து அதில் சுட்டார்கள். தூக்கிச் சுமந்தது நான். கறிக்கடையில் சொன்னால் பன்றித் தலையே கிடைக்கும், வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். சார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாலாம் நாள் முடிவு வந்தது. நானூற்றுப் பதினேழு. வேறு எது வரும்?

அன்றைக்கே, ரேஞ்சரையும் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். சுவரில் உள்ள அட்டையில் ஓட்டை போட்டது நான் என்றேன். ஒரு வெறும் கூட்டை எடுத்துப் புது அட்டையில் அழுத்திக் காட்டினேன்.

"ரேஞ்சர் சார், இவரு கை நடுங்கும். எம் புஞ்சையைக் காப்பாத்தணும்னா டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க."

ராமதாஸ் அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அட்டை மாற்றுகிறவளுக்கு லாட் நம்பரைப் பற்றி என்ன தெரியும் என்று குதித்தார். ரேஞ்சர் ஹாலாஸ்யம் சார் முகத்தைப் பார்த்தார். சார் அந்தக் கூட்டை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது.

"பாவம், நிலம் போயிடுமோன்னு பயந்துண்டு என்னமோ சொல்றா. விடுங்கோ, நாளைக்கு விடியகாலம் போயிடலாம்" என்றார்.

விடிகிற நேரத்துக்கு வந்தார்கள். சார் குரங்குக் குல்லா, பிளாஸ்கில் காப்பி, உட்கார ஒரு திண்டு எல்லாம் கொண்டுவந்தார். ஒன்றும் குறைச்சல் இல்லை. கிழக்கே வெளுக்கும்போது ஒரு தாய்ப்பன்றி, பின்னால் ஏழெட்டுக் குட்டிகள், மலையிலிருந்து இறங்கி வரப்போரம் வந்து நின்றன. முப்பது தப்படிகூட இருக்காது. அந்த ஒரு நிமிஷம், ஒருவேளை பட்டுவிடுமோ என்று நானும் ஆசைப்பட்டேன்.

குண்டு பின்னங்காலில் பட்டது. பன்றி வீறிட்டுக்கொண்டு மலைப்பக்கம் ஓடவில்லை, என் கடலைக்குள் பாய்ந்தது. குட்டிகள் சிதறின. சார் இன்னும் எட்டுச் சுட்டார். அத்தனையும் மண்ணில் சொருகியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அது திரும்பித் திரும்பி ஓடியது. நன்றாக வெளிச்சம் வந்தபோது செடியெல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது. காய் இன்னும் பால் பிடித்த பிஞ்சு. மிச்சத்தைத் தின்று தீர்க்க அடுத்த இரண்டு ராத்திரியும் பன்றிகள் தவறாமல் வந்தன.

வரப்பில் நின்று சார் பெட்டியை முகர்ந்து பார்த்தார். இந்தப் பெட்டியில் ஈரம் ஏறியிருக்கிறது என்று ரேஞ்சரிடம் விளக்கினார். ரேஞ்சர் அடிபட்ட பன்றியைத் தேட ஆள் அனுப்பினார். இனிச் சுடுவதில்லை என்று எழுதியும் போட்டுவிட்டார். போகும்போது மட்டும் என் பக்கத்தில் வந்து, "நீங்க அன்னைக்கே சொன்னீக அக்கா" என்றார். அதை வைத்து நான் என்ன செய்ய?

வேலையை விட்டு என்னை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வெயிலில் யார் நடப்பது? ஞாயிற்றுக்கிழமை போனேன். நானூற்றுப் பதினேழைத் தூக்கி மூலையில் வைத்திருந்தார்கள். புது லாட் வந்திருந்தது, ஐந்நூற்று இரண்டு. ராமதாஸ் அண்ணன் தராசோடு உட்கார்ந்துவிட்டார். ஹாலாஸ்யம் சார் பத்துச் சுட்டார். கொடி ஏறியது. நான் போய், எதையும் தொடாமல், அட்டையை இருந்தபடியே கொண்டுவந்து நீட்டினேன். ஓரத்தில் இரண்டு ஓட்டை.

சார் அட்டையைப் பார்த்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். ராமதாஸ் அண்ணன் தலை நிமிரவில்லை. சார் என் காதோரம் குனிந்தார்.

"மத்த எட்டு எங்கே?"

மூன்று வருஷமும் இந்த ஆளுக்குத் தெரியும். அன்று கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதும் தெரியும். என் கடலைக்கு நடுவில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தபோதும் தெரியும்.

நான் காதோரமெல்லாம் பேசவில்லை. கூரைக்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"மத்த எட்டும் எம் புஞ்சையில கெடக்கு சார். செங்கல் சூளைக்காரன் நாளைக்குத் தோண்ட வாரான். வெரசாப் போயிப் பொறுக்கிக்கங்க."