நாற்பத்தொன்றாம் வரியின் கடைசிக் கட்டம்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் கையேட்டில் பிழை திருத்தப் போனேன். பக்கத்து மேசையில் இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிழையை விட்டுவிட்டுச் சண்டையைக் கேட்டேன். ஒரு நாள் வேலையை ஒரு வாரத்துக்கு இழுத்தேன்.

இருவரும் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து ஆறு வாரம். அவன் கணிதம் படித்தவன். அவள் ஒன்பது வருஷம் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டுப் படிக்க வந்தவள். வேறுவேறு துறைக்காரர்களை ஒரே ஆய்வில் கட்டிப்போட்டால் ஏதாவது பிறக்கும் என்பது மேலிடத்து நம்பிக்கை. அவளை எல்லோரும் சிஸ்டர் என்றார்கள். அவனுக்கு அவள் வைத்த பெயர் கணக்கு.

2

நான் எழுதி அடித்த தொடக்கங்கள்: 'ஜன்னலுக்கு வெளியே மழை' (வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

'கணக்கு தன் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூட' (பாதியில் நிற்கிறது, ஆனால் உண்மை. பார்த்ததில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புது மருந்து எடுத்துக்கொண்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவன் கணினியில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு வரி. இருக்கிறாரா, இறந்தாரா என்பது கடைசிக் கட்டத்தில். பத்தொன்பது வரிகளில் அந்தக் கட்டம் காலி. மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள். தொடர்ந்து வந்தவர்களைப் போலத்தான் இவர்களும் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வது பாடப்புத்தக வழக்கம். அப்படி வைத்தால் மருந்து வேலை செய்தது. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு, திரையில் மருந்து எடுக்காதவர்களின் கோட்டுக்கு மேலே அழகாக நின்றது. வெள்ளிக்கிழமை அதை ஆய்வுத் தலைப்புகளை முடிவு செய்யும் குழுவிடம் காட்டினால் ஆய்வுத் தலைப்பு அவனுக்கு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"வராதவங்க வந்தவங்க மாதிரியே இருப்பாங்கன்னு யாரு சொன்னது?" என்றாள் சிஸ்டர்.

"எல்லாரும் அப்படித்தான் வெச்சுக்குவாங்க, சிஸ்டர்."

"நல்லா ஆனவங்களும் வர்றத நிறுத்துவாங்க. எழுந்து நடக்க முடியாதவங்களும் நிறுத்துவாங்க. எது எத்தனைன்னு உன் புத்தகத்துக்குத் தெரியுமா?"

"பின்ன என்ன பண்றது?"

"ஃபோன் பண்றது."*

(*இப்படியொரு கணித முறை இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.)

3

முறைப்படி அனுமதி வாங்கி, மூன்று நாளில் பதினெட்டுப் பேரைச் சிஸ்டர் பிடித்துவிட்டாள். பன்னிரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஆறு பேர் சௌக்கியம். அதில் ஒருவர் ஏணிமேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் சீக்கிரம் பேசச் சொன்னார். கோடு சரிந்து, மருந்து எடுக்காதவர்களின் கோட்டைத் தொட்டது.

கணக்கு கோட்டை இன்னொரு முறை வரைந்து பார்த்தான். தலைப்பு போய்விடுமே என்ற பயம் பாதி. பன்னிரண்டு பேரை ஆறு வாரமாக உயிரோடு வைத்திருந்தோமே என்ற வெட்கம் மீதி.

பாக்கி நாற்பத்தொன்றாம் வரி. "இது நீ போடு," என்றாள். அவன் ஒத்திகைக்கு ஒரு தாளில் எழுதிப்பார்த்தான்: 'வணக்கம், நோயாளி நாற்பத்தொன்றுங்களா?'

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, பதிவேட்டைப் பார்த்து ஒரு சீட்டில் பெயரை எழுதித் தந்தாள்.

4

முடிவு அ: மனைவி எடுக்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. (பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: அவரே எடுத்து, "இப்பவாவது ஞாபகம் வந்துச்சே" என்கிறார். (எனக்கே பிடிக்கும். அதனால் சந்தேகம்.)

முடிவு இ: மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, மீதி வாசகர் கையில். என்னுடைய ஏழு கதைகள் இப்படித்தான் முடிகின்றன. இதைச் சிஸ்டரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அந்த ஏழு பேரு என்ன ஆனாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா," என்றாள், "இல்ல, நீங்க கேக்கவே இல்லையா?"

நான் கேட்கவில்லை.

5

மூன்றாவது மணி. கணக்கு சீட்டைப் பிடித்தபடி நிற்கிறான். கை வியர்த்து மை லேசாகக் கலைந்திருக்கிறது.

எனக்கு முடிவு தெரியாது, அதனால் ஃபோனை உங்களிடம் தருகிறேன். வைத்துவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கும். காலி என்றால் ஆள் நலம் என்று யாரும் எழுதிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான்காவது மணி. அந்தப் பக்கம் யாராவது எடுத்தால் முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சீட்டில் இருக்கிறது.