நான்காவது குழாயில் உப்பு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உருகிய உப்பில் ஓடும் அணு உலையைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் அந்தச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கே ரசமட்டமும் கையுமாக நின்ற ஒரு குழாய் ஃபிட்டர், "ஆறு வருஷமா மாட்டுறோம் சார். ஒரு தடவைகூட ஓடிப் பாக்கல" என்றார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

அவர் சொன்னது அந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "மனிதகுலத்தின் மின்சாரத் தாகத்துக்கு விடையாக..." (அடித்துவிட்டேன். குடம் சுமந்த வீட்டில் பிறந்தவன் தாகத்தை இப்படிச் செலவழிக்கமாட்டான்.)

இரண்டாவது: "குழாய் கிழிந்தபோது அவர்..." (இதையும் அடித்தேன். நடுவிலிருந்து தொடங்கக் கூடாது. ஏனென்று கீழே தெரியும்.)

3

வழக்கமான உலையில் எரிபொருள் கெட்டியாக இருக்கும். இதில் அதை உருகிய உப்பிலேயே கரைத்து ஓடவிடுவார்கள். தண்ணீர் இல்லாததால் பெரிய அழுத்தமும் இல்லை. நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்காமல் விடுவதால், பழைய உலைகளின் கழிவில் ஒரு பகுதியையும் எரிக்கலாம் என்கிறார்கள். (என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.)

சூடு குறைந்தால் உப்பு கல்லாகிவிடும். அதனால் நிறுத்தியதும் தானாக வடிந்துபோகும்படி குழாய்களைச் சரிவாகப் பதிக்க வேண்டும்.

நம்மாள் இருபது வருஷம் தண்ணீர்க் குழாய் போட்டவர். பட்டப்பெயரே 'மட்டம்'. வரைபடத்தில் நான்காவது குழாய் சாய்ந்திருப்பதைப் பார்த்து, படம் போட்டவனுக்குத்தான் கை கோணல் என்று முடிவுகட்டினார். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்கும்படி பதித்து, பெருமையாக ஒரு தட்டும் தட்டினார்.

போன மாதம், அவர் லீவில் இருந்த ஒரு நாளில், எரிபொருள் கலக்காத வெறும் உப்பை விட்டுப் பார்த்தார்கள். பாதியில் பம்பு நின்றது. உப்பு வடிந்துவிட்டது, குழாயெல்லாம் காலி என்று எல்லோரும் நம்பினார்கள். இன்று காலை மறுபடி ஓட்டப்போகிறார்கள். அவர் போகிறபோக்கில் ஸ்பேனரால் தட்டினார். மூன்று குழாய்கள் கணீரென்றன. நான்காவது 'தொப்' என்றது.

உறைந்த உப்பு உருகும்போது விரியும். காலியாக இருக்கும் முனையிலிருந்து மெல்லச் சூடு வைத்தால் அதற்கு இடம் இருக்கும். நடுவிலோ, எல்லா இடத்திலும் ஒன்றாகவோ சூடு வைத்தால் போக்கிடம் இல்லாமல் குழாயைக் கிழித்துவிடும். கிழிந்தால் திட்டத்துக்கே பூட்டு.

வாயைத் திறந்தால், வரைபடத்தை மீறியவருக்கு அன்றே கேட்டுக்கு வெளியேதான் இடம். உப்பு ஓடும், அவர் பார்க்க முடியாது.

4

ஹீட்டர் சுவிட்சுகள் அவர் மனைவி பொறுப்பில். டீ நேரத்தில்:

"என்னங்க, கிளாசுல பல்லி விழுந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?"

"எந்த ஹீட்டர முதல்ல போடப்போற?"

"எல்லாத்தையும் ஒண்ணா. இஞ்சினியர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட வேற கேக்கணுமா?"

"சும்மாதான்."

"ஆறு வருஷமா இதே பேச்சு. உருகினா தண்ணி மாதிரி ஓடுமாம், கண்ணாடி மாதிரி தெரியுமாம். இன்னைக்குக் கண்குளிரப் பாத்துடுங்க. அப்புறமாவது நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது கண்ணுல படுதான்னு பாக்கலாம்."

(இவளை நான் நம்பவில்லை. இத்தனை கேலி பேசுகிறவளுக்குப் புருஷன் முகம் புரியாதா? புரிந்துதான், கிளம்பும்போது அவர் மிச்சம் வைத்த டீயையும் அவளே குடித்தாள்.)

5

முடிவு ஒன்று: அவர் சொல்லவில்லை, குழாய் கிழிகிறது. (வேண்டாம். ஆளைத் தண்டிக்கவா கதை எழுதுகிறேன்?)

முடிவு இரண்டு: சொல்கிறார்; இஞ்சினியர் தோளில் தட்டிக்கொடுத்து... (புளுகு. என் அப்பா நாற்பது வருஷம் மூட்டை தூக்கினார். யாரும் அந்தத் தோளைத் தட்டிக் கொடுத்ததில்லை.)

6

அவள் விரல் சுவிட்சில் இருந்தபோது இஞ்சினியரிடம் சொன்னார்.

"நாலாவதுல உப்பு நிக்குது. நான்தான் மட்டமாப் பதிச்சேன். காலி முனையிலேருந்து ஒவ்வொண்ணாப் போடச் சொல்லுங்க."

இஞ்சினியர் கேட்டைக் காட்டினார். நம்மாள் ரசமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு நடந்தார். வேலிக்கு வெளியே, எதிர்க் கடையின் நிழலில், பகல் முழுக்க நின்றார். அங்கிருந்து பார்த்தால் கூரைத் தகடு மட்டும் தெரியும். பம்புச் சத்தம் கேட்டதா, லாரிச் சத்தமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

ஐந்து மணிக்கு அவள் வெளியே வந்தாள். கையில் அவருடைய ரசமட்டம். வேலை என்னாயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவள் வாயைத் திறக்கிறாள்.

(அந்தப் பதிலை எழுத நான் பார்த்தவனில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவர் ஆறு வருஷம் காத்தவர். எடுத்த எடுப்பில் கொட்டிவிடாதீர்கள். காலி முனையிலிருந்து, மெல்ல.)