கீழே நிற்க ஆள் வேண்டாம்

புது ஸ்க்ரூ டப்பாவைச் சேலத்தில் வாங்கிக்கொண்டு வந்த அன்று, செல்லமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தான்.

"முனையப் பாரு ரஞ்சனி. ஓட்டை போடறதும் இதுதான், மரை போடறதும் இதுதான். தலைக்கடியில ரப்பர் வாசர். மேல நின்னு மெசின்ல ஒரு அமுக்கு அமுக்கினா, தகரத்தையும் இரும்பையும் தொளைச்சுட்டுப் போயி உக்காந்துக்கும். ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது."

அதுவரை பதினோரு வருஷம் இருவரும் சேர்ந்துதான் கோழிப்பண்ணைகளுக்குக் கூரை போட்டார்கள். அவன் மேலே துளை போடுவான். அவள் கீழே ஏணியில் நின்று, வளைந்த கொக்கி போல்ட்டைத் துளை வழியே மேலே நீட்டி, இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். "புடிச்சுட்டியா?" என்று மேலிருந்து குரல் வரும். "புடிச்சுட்டனுங்க" என்பாள். அப்புறம்தான் அவன் நட்டை முடுக்குவான். நாள் முழுக்க அண்ணாந்தே நின்று அவளுக்குக் கழுத்து மரத்துப்போகும். கண்ணில் இரும்புத் தூள் விழும்.

"இனிமே கீழ ஆளே வேண்டாம் புள்ள. உன்ற கழுத்துக்கு விடுதலை" என்றான்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணையில் முட்டை பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனாள். அவன் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில், தனியாகவே முடித்தான்.

போன ஆடிக்காற்றில் சுவாமிநாதன் பண்ணைக் கூரையில் இரண்டு தகடுகள் தூக்கிக்கொண்டன. கோழிகளை விற்றுவிட்டு, அடுத்த குஞ்சுகள் வரும்வரை கொட்டகை காலியாகக் கிடந்த நேரம். வேலையாட்களும் இல்லை. "பன்னெண்டுக்குள்ள வந்தர்றேன்" என்று காலையில் கிளம்பினான். தகரத்துக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த ஃபைபர் தகடு, வெயிலில் வெந்து, தூசி படிந்து, பார்வைக்குத் தகரமாகவே இருந்தது. அதன்மேல் கால் வைத்தான்.

மதியம் ரஞ்சனி போன் செய்தாள். எடுக்கவில்லை. மெசின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். வேலை முடிந்து இரண்டரை மணிக்கு அவள் அங்கே போனபோது, வேப்பமரத்தடியில் அவன் வண்டிப் பெட்டிக்குள் போன் கிடந்தது. அவன் கொட்டகைக்குள் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தான். உதடு வெடித்திருந்தது.

"உன்னத்தான் கூப்புட்டுட்டே இருந்தேன்" என்றான். "நீ புதுச்சத்திரத்துல இருப்பேன்னு தெரியும். இருந்தாலும் வாயில வேற பேரு வரல."

சேலத்து ஆஸ்பத்திரியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உடனே கொண்டாந்திருந்தா நடப்பாருங்களா?"

"விழுந்தப்பவே தண்டுவடம் போயிடுச்சும்மா. நேரத்தால ஒண்ணும் மாறியிருக்காது" என்றார் டாக்டர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வெறுங்கொட்டகையில் அவள் பெயர் எத்தனை முறை கேட்டிருக்கும் என்பதற்கு அவரிடம் மருந்து இல்லை. இராத்திரி அவன் தூக்கத்தில் முனகினாலும் "இங்கதானுங்க இருக்கறேன்" என்று எழுந்துவிடுவாள். அப்போதெல்லாம் அவன் விழித்திருப்பதே இல்லை.

எட்டு மாதமாயிற்று. முட்டை வேலையை விட்டுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் தீனதயாளன் போன் செய்தான். இப்போது அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் கூரை போடுவது அவன்தான். எந்த நீள ஸ்க்ரூ வாங்குவது என்று கேட்டான். செல்லமுத்துவின் முகத்தில் பழைய களை வந்தது.

"சட்டம் என்ன கனம்? அதுக்கு முனை நீளமானதா வாங்கு. ரொம்ப முடுக்கிறாத, ரப்பர் பிதுங்கிரும்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். "தீனா, கீழ ஒரு ஆள நிறுத்திக்கப்பா."

"எதுக்குங்கண்ணா? இந்த ஸ்க்ரூவுக்கு ஆள் வேண்டாங்களே. சம்பளம் ஆரு குடுப்பாங்க?"

 செல்லமுத்து மறுபடி ஸ்க்ரூவைப் பற்றியே பேச ஆரம்பித்தான். அவன் பேசப் பேச, கட்டில் காலில் ஏறிய கட்டெறும்புச் சாரை ஒன்று போர்வையைத் தாண்டி அவன் பாதத்தில் ஊர்ந்தது. எறும்புகள் கட்டைவிரலைச் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தன. அவனுக்குத் தெரியவில்லை. ரஞ்சனி குனிந்து, அவன் பேச்சைக் கலைக்காமல், ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கத் தொடங்கினாள்.